இரண்டு மணி நேர டெஸ்ட்டும் மிச்ச அலைச்சலும்: வடசென்னையில் டி.பி. கண்டுபிடிக்கும் கருவிகள்

சளியைக் கொடுத்தால் டி.பி. இருக்கிறதா, இல்லையா, இருந்தால் அது ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டி.பி. மாத்திரைக்குக் கட்டுப்படுமா என்பதுவரை இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும் கருவி இன்று அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. காசு கேட்பதில்லை. ஆனாலும் வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ இருமத் தொடங்கிய ஒருவர் முதல் மாத்திரையை விழுங்க வாரக்கணக்கில் ஆகிவிடுவதுண்டு. முதலில் மெடிக்கல் ஷாப் சிரப். அது கேட்கவில்லை என்றால் தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி, ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக். எண்ணூர், மணலி பக்கம் குடியிருப்பவர் என்றால் "இந்தப் புகைக்கு இருமாம என்ன பண்ணும்" என்று தள்ளிப்போடுவது வேறு.

கருவி எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு, நோயாளிக்குக் கழியும் நேரம் வேறு. புதிய தொழில்நுட்பம் சுருக்கியது முதலாவதை. இரண்டாவது சுருங்கினால்தான் நோயாளிக்கும் அரசு மருத்துவத்துக்கும் லாபம். சளி டப்பா கைக்கு வருவதிலிருந்து மாத்திரை அட்டை கைக்கு வருவதுவரை அந்த நேரம் எங்கெங்கே ஒழுகிப்போகிறது என்பதைப் பார்க்கலாம்.

கண்ணாடித் துண்டிலிருந்து கார்ட்ரிட்ஜுக்கு

நூறு ஆண்டுகளுக்கும் மேலாக டி.பி.க்கு இருந்த முதல் சோதனை மைக்ராஸ்கோப்தான். சளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயமேற்றி, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார்கள். கிருமி சிவப்புக் குச்சியாகத் தெரியும். மலிவு, வேகம். ஆனால் ஒரு மில்லி சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நோய் முற்றியிருந்தாலும் சளியில் கிருமி குறைவாகவே இருக்கும். அவர்களை இந்தச் சோதனை 'இல்லை' என்று வீட்டுக்கு அனுப்பிவிடும். மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதையும் சொல்லாது. அதற்குக் கிருமியை வளர்க்க வேண்டும். திட ஊடகத்தில் எட்டு வாரம்வரை ஆகும், திரவ ஊடகத்தில் 'இல்லை' என்று முடிவு சொல்லவே 42 நாள். அத்தனை நாளும் நோயாளி ஒரே அறையில் ஐந்து பேரோடு படுத்து எழுந்துகொண்டிருப்பார்.

2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் கொடுத்த ஜீன்எக்ஸ்பர்ட் இந்தக் கணக்கை மாற்றியது. நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் இதற்கு 'சிபிநாட்' என்று பெயர். கிருமியைக் கண்ணால் தேடாமல் அதன் மரபணுவைப் பலமடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கிறது. ஒரு மில்லியில் சுமார் 130 கிருமி இருந்தாலே போதும். பின்னால் வந்த அல்ட்ரா கார்ட்ரிட்ஜுக்கு (சளியை விட்டுக் கருவிக்குள் செருகும் சின்னப் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ்) 16 அளவிலேயே தெரிந்துவிடும். கூடவே ஆர்.பி.ஓ.பி. என்ற மரபணுவின் ஒரு சின்னப் பகுதியில் மாற்றம் இருக்கிறதா என்றும் பார்க்கும். ரிஃபாம்பிசினுக்கு மசியாத கிருமிகளில் சுமார் 95 சதவீதத்துக்கு மாற்றம் அந்த இடத்தில்தான் இருக்கும்.

லேபில் நடப்பது இதுதான். சளி ஒரு பங்குக்கு, கிட்டோடு வரும் திரவம் இரண்டு பங்கு ஊற்றி, டப்பாவை இறுக மூடி நன்றாகக் குலுக்க வேண்டும். பத்து நிமிடம் வைத்து மறுபடி குலுக்கி, இன்னும் ஐந்து நிமிடம். அதற்குள் கெட்டிச் சளி தண்ணீராக இளகி, கிருமியின் தொற்றும் சக்தியும் அடங்கியிருக்கும். பிப்பெட்டில் 2 மில்லி எடுத்து, குமிழி வராமல் கார்ட்ரிட்ஜில் விட்டு, பார்கோடைக் காட்டி, கருவியின் அறைக்குள் செருகிக் கதவைச் சாத்தினால் மனிதர் வேலை முடிந்தது.

இந்தப் பதினைந்து நிமிடத்தில் அவசரம் காட்டினால் பலன் கிடைக்காது. சரியாக இளகாத சளி கார்ட்ரிட்ஜுக்குள் நுண்ணிய குழாய்களை அடைத்துக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறி, கருவி 2008 என்ற எரர் எண்ணைக் காட்டி நின்றுவிடும். 5007 வந்தால் வேறு பிரச்சினை, சோதனை தொடங்குமுன் கருவி தன்னைச் சரிபார்க்கும் கட்டத்திலேயே தோல்வி. சளி குறைவாக விட்டது, கார்ட்ரிட்ஜை வெயிலில் வைத்தது என்று காரணம் பலவாக இருக்கலாம். எதுவானாலும் கார்ட்ரிட்ஜ் வீண், மறுபடி முதலிலிருந்து. மிச்சச் சளி இல்லையென்றால் நோயாளியை மறுபடி கூப்பிட வேண்டும். அன்றாடக் கூலிக்காரருக்கு அது இன்னொரு நாள் சம்பளம்.

கார்ட்ரிட்ஜை 28 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்பதும், கருவி வைத்த அறை 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பதும் மே மாதச் சென்னைக்கு எழுதப்பட்ட விதிகள் இல்லை. ஏசி ஓடியே ஆக வேண்டும். கரண்ட் போனால் ஓடிக்கொண்டிருக்கும் நான்கு சோதனையும் போய்விடும் என்பதால் யு.பி.எஸ். கட்டாயம். தூசு வடிகட்டியை மாதாமாதம் சுத்தம் செய்ய வேண்டும். இதையெல்லாம் வாங்கும்போது யாரும் விலையில் சேர்ப்பதில்லை. கார்ட்ரிட்ஜ் விலையைப் பற்றி மட்டும் உலகம் முழுக்கப் பேசினார்கள். 2012-ல் அது ஏழை நாடுகளுக்குப் பத்து டாலருக்குச் சற்றுக் கீழே வந்தது, 2023-ல் எட்டு டாலருக்குக் கீழே. யு.பி.எஸ். பேட்டரிக்கு அப்படி ஒரு பேச்சுவார்த்தை நடந்ததாகத் தெரியவில்லை.

சாதாரண ஜீன்எக்ஸ்பர்ட்டில் அறைகள் நான்கு. ஒரு சோதனைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் என்றால் எட்டு மணி நேர ஷிஃப்டில் கணக்குப்படி பதினாறு. தயாரிப்பு நேரம், எரர், மறு சோதனை எல்லாம் போகப் பன்னிரண்டு வந்தால் நல்ல நாள். ஒரு அறை பழுதாகி உதிரிபாகத்துக்குக் காத்திருந்தால் கால் பங்கு வேலை நின்றுபோகும். இரண்டு மணி நேர டெஸ்ட்டின் ரிசல்ட் மூன்றாம் நாள் வருவதன் மர்மம் பெரும்பாலும் இந்த வரிசைதான்.

ட்ரூநாட் இதற்கு ஒரு பதில். கோவாவில் உள்ள மோல்பயோ நிறுவனம் செய்தது. 2020-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் கிடைத்தது. பேட்டரியில் ஓடும், மேஜை மேல் அடங்கும், கரண்ட் போனாலும் கவலை இல்லை. அதனால் பெரிய ஆஸ்பத்திரியைத் தாண்டிச் சின்ன இடங்களுக்கும் போக முடிகிறது. ஆனால் கை வேலை அதிகம். முதல் பெட்டி சளியிலிருந்து மரபணுவைப் பிரித்துக் கொடுக்கும். அதில் 6 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு சொட்டில் சின்னப் பங்கை, டெக்னீஷியன் பிப்பெட்டில் அளந்து, இரண்டாவது பெட்டியில் செருகும் சிப்பின் மேல் விட வேண்டும். அந்த அளவில் ஒரு குமிழி வந்தாலே ரிசல்ட் கெட்டுப்போகலாம். டி.பி. உண்டு என்று வந்தால்தான் ரிஃபாம்பிசினுக்கான இரண்டாவது சிப். அதற்கு இன்னொரு மணி நேரம். பழகிய கை இருந்தால் அருமையான கருவி. ஆள் மாறிக்கொண்டே இருக்கும் லேபில் அதன் அருமை பாதிதான் தெரியும்.

எச்சில் இல்லை, சளி

இத்தனை நுட்பமும் டப்பாவில் விழுவதை நம்பித்தான். பலர் கொண்டுவந்து கொடுப்பது எச்சில். தெளிவாக, நுரையாக, தண்ணீராக இருந்தால் எச்சில். கெட்டியாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ, சில சமயம் ரத்தக் கோடோடு இருந்தால் அதுதான் நெஞ்சிலிருந்து வந்த சளி. காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடாமல், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். மூச்சை ஆழமாக இழுத்து, சில நொடி நிறுத்தி, விட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபின் அடிவயிற்றிலிருந்து இருமித் துப்ப வேண்டும். 2 முதல் 5 மில்லி போதும். ஒரு டீஸ்பூன் அளவு. திறந்த வெளியில், மொட்டை மாடியிலோ வாசலிலோ, ஆள் இல்லாத பக்கம் திரும்பி. பொதுக் கழிப்பறைக்குள் நின்று எடுப்பதுதான் மிக மோசம், காற்றோட்டமில்லாத அந்த அறைக்குள் அடுத்து வருபவர் அந்தக் காற்றைத்தான் இழுப்பார்.

இந்த ஐந்து நிமிட விளக்கத்தைச் செவிலியரோ லேப் டெக்னீஷியனோ ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தாலே பல கார்ட்ரிட்ஜ் மிச்சம். வாயில் முகக்கவசம் போட்டு, கூட்டத்துக்கு நடுவே, டப்பாவைக் கையில் திணித்து "துப்பிட்டு வாங்கம்மா" என்றால் எச்சில்தான் வரும்.

சின்னக் குழந்தைகளுக்குத் துப்பத் தெரியாது, சளியை விழுங்கிவிடும். முன்பெல்லாம் காலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பை நீரை எடுப்பார்கள். குழந்தைக்கும் தாய்க்கும் அது சித்திரவதை. விழுங்கிய கிருமியின் மரபணு மலத்திலும் வெளியே வரும் என்பதால் இப்போது மலத்தையே ஜீன்எக்ஸ்பர்ட்டில் சோதிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இத்தனை ஆண்டு முன்னேற்றத்தில் ஒரு தாயிடம் கேட்டால் முதலில் சொல்லக்கூடியது இதுவாகத்தான் இருக்கும்.

எக்ஸ்ரேயைப் படிக்கும் கணினி

சளியே வராதவர்களையும், இருமலே இல்லாமல் நோயோடு நடமாடுபவர்களையும் பிடிக்க எக்ஸ்ரே வேண்டும். கையில் தூக்கிப்போகும் சிறிய டிஜிட்டல் எக்ஸ்ரே கருவியும், படத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளும் வந்தபின் முகாமிலேயே ஒரு நிமிடத்தில் முடிவு தெரிகிறது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு யாருக்குச் சோதனை வேண்டும் என்று முதல்கட்டமாகச் சலித்தெடுக்க இந்த மென்பொருளை மருத்துவருக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம் என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. சலித்தெடுக்கத்தான், நோயை உறுதி செய்ய இல்லை. அதற்குச் சளிச் சோதனை வேண்டும்.

மென்பொருள் தருவது ஒரு மதிப்பெண். எந்த மதிப்பெண்ணுக்கு மேல் போனால் சளிச் சோதனைக்கு அனுப்புவது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த எல்லைக்கோட்டைக் கீழே இறக்கினால் அதிகம் பேர் தப்பமாட்டார்கள், ஆனால் கார்ட்ரிட்ஜ் செலவு எகிறும். மேலே ஏற்றினால் செலவு குறையும், சிலர் நழுவிவிடுவார்கள். இந்தக் கோட்டை ஊருக்கு ஊர் பார்த்துத்தான் போட வேண்டும். வடசென்னையில் துறைமுக மூட்டை வேலை, ஃபவுண்டரி, வெல்டிங், பீடி என்று நுரையீரலில் தழும்பும் தூசும் சேர்ந்தவர்கள் அதிகம். பழைய டி.பி. ஆறிய வடுவும் படத்தில் நிழலாகத்தான் தெரியும். மென்பொருளுக்குப் பழைய வடுவையும் புது நோயையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். சர்க்கரை நோயாளிகளிடம் இன்னொரு சிக்கல்: டி.பி. வழக்கமாக நுரையீரலின் மேல்பகுதியில் தெரியும், இவர்களுக்குக் கீழ்ப்பகுதியில் வந்து நிமோனியா போல ஏமாற்றும். டி.பி. உறுதியான ஒவ்வொருவருக்கும் சர்க்கரை அளவும், சம்மதத்தோடு எச்.ஐ.வி.யும் பார்ப்பது அதனால்தான்.

ரிசல்ட் வந்த பிறகு

ரிசல்ட்டைக் கருவி எழுதிவிட்டது. நோயாளியிடம் யார் சொல்வது? காசிமேட்டு விசைப்படகில் போனவர் நாள்கணக்கில் கடலில் இருப்பார், போன் எடுக்காது. வாடகை வீடு மாறியவருக்குப் பழைய முகவரியில் ஆள் தேடுவார்கள். கூவம், பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் குடி பெயர்க்கப்பட்டவர் நகரின் அந்தக் கோடிக்குப் போய்விடுவார். 'நிக்ஷய்' என்ற தேசியப் பதிவேட்டில் அவருக்கு ஒரு எண் இருந்தால் மாத்திரையைப் புது இடத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியும், இல்லாவிட்டால் சிகிச்சை நடுவில் அறுந்துபோகும். டப்பா கொடுக்கும்போதே இரண்டு போன் நம்பர், ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையது, எழுதி வாங்குவது பெரிய தொழில்நுட்பம் இல்லை. ஆனால் நாட்களை மிச்சம் பிடிப்பதில் ட்ரூநாட்டுக்குச் சளைத்ததும் இல்லை.

வீட்டிலிருந்தபடி மாத்திரை சாப்பிடும் முறையே சென்னையில் நிரூபிக்கப்பட்டதுதான். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானட்டோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மற்றவர்களைச் சொந்த வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தது. நெருக்கடியான வீடு, போதாத சாப்பாடு எல்லாம் இருந்தும் வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்களோடு கூட இருந்த குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகப் பரவவும் இல்லை. 1959-ல் முடிவு வெளியானபின் உலகமே படுக்கையை விட்டுவிட்டு மாத்திரையைப் பிடித்துக்கொண்டது.

சாதாரண டி.பி.க்கு இப்போது ஆறு மாதம். தினமும், எடையைப் பார்த்து. 35 முதல் 49 கிலோவரை மூன்று மாத்திரை, 50 முதல் 64 வரை நான்கு. எடை இயந்திரம் ஒரு கிலோ தவறாகக் காட்டினாலோ, செருப்போடு நிறுத்தினாலோ, 49-ல் நிற்க வேண்டியவர் 50-க்குப் போய்விடுவார். மருந்து ஏறும், கூடவே ஈரலுக்குச் சிரமமும். சிகிச்சையில் உடம்பு தேறி எடை கூடினால் கணக்கை மறுபடி போட வேண்டும். இது பல இடங்களில் மறந்துபோகும்.

கருவி ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இருப்பதாகக் காட்டினால் பாதை வேறு. இங்கே நோயாளிக்குக் கிடைத்த லாபம் மிகப் பெரியது. பழைய முறையில் இரண்டு ஆண்டுக்குக் கிட்டே சிகிச்சை, மாதக்கணக்கில் தினம் ஊசி. அந்த ஊசியால் காது கேட்காமல் போனவர்கள் உண்டு. பெடாக்குவிலின், பிரெட்டோமனிட், லைனிசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் நான்கும் சேர்ந்த ஆறு மாத மாத்திரை முறையை 2022-ல் உலக சுகாதார நிறுவனமும், 2024 செப்டம்பரில் இந்திய அரசும் ஏற்றுக்கொண்டன. ஊசியே கிடையாது. ஆனால் பெடாக்குவிலின் இதயத் துடிப்பின் மின் ஓட்டத்தைப் பாதிக்கலாம் என்பதால் தொடங்குமுன்னும் இடையிடையேயும் இ.சி.ஜி. வேண்டும். லைனிசோலிட் ரத்த அணுக்களைக் குறைக்கும், கால் நரம்பு மரத்துப்போகும், பார்வை மங்கலாம். ஆறு மாதம் என்பது ரத்தப் பரிசோதனையையும் கண் பரிசோதனையையும் நாள் தவறாமல் செய்கிற இடத்தில்தான் ஆறு மாதம்.

சிபிநாட்டுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ரிஃபாம்பிசின் வேலை செய்யும், ஆனால் ஐசோனியசிட் என்ற இன்னொரு முக்கிய டி.பி. மருந்து வேலை செய்யாது என்ற வகையை வழக்கமான கார்ட்ரிட்ஜ் காட்டாது. அதற்கு எல்.பி.ஏ. என்ற இன்னொரு சோதனைக்குச் சளி போக வேண்டும். 'சென்சிட்டிவ்' (மருந்துக்குக் கட்டுப்படும்) என்று ஒரு சீட்டைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று முடிவுகட்டினால் இந்த நோயாளிகள் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிவார்கள். இன்னொன்று, செத்த கிருமியின் மரபணுவையும் கருவி எண்ணிவிடும். அதனால் சிகிச்சை நடுவில் குணமாகிறதா என்று பார்க்கச் சிபிநாட் உதவாது. அங்கே பழைய மைக்ராஸ்கோப்பும் கிருமி வளர்ப்பும்தான்.

ஐந்து எளிய அளவுகள்

உயிர் காத்த தொழில்நுட்பம் என்று பேசினால் தமிழ்நாட்டில் முதலில் வர வேண்டியது, விலையில் கடைசியாக நிற்கும் கருவிகள். 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' நோய் உறுதியானவுடனே ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: உயரத்துக்கேற்ற எடை (பி.எம்.ஐ.), கால் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் அளவு, பிடிப்பில்லாமல் நிற்க முடிகிறதா. டி.பி.யில் சாவு பெரும்பாலும் சிகிச்சையின் முதல் வாரங்களில் நடக்கிறது. மெலிந்து, மூச்சிரைத்து வந்தவரை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதுதான் ஆபத்து.

பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே என்றால் படுக்கை. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது 36 கிலோவுக்குக் கிட்டே. கால் வீங்கியிருந்தால் 16-லேயே, அதாவது 41 கிலோவிலேயே. வீக்கத்தின் தண்ணீர் எடையைக் கூட்டிக் காட்டுமே. மூச்சு 24-க்கு மேல், ஆக்சிஜன் 94-க்குக் கீழ், எழுந்து நிற்க முடியவில்லை, இதில் ஒன்று இருந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டேரி காசநோய் மருத்துவமனை போன்ற இடங்களின் படுக்கைகள் இவர்களுக்குத்தான் முதலில். அளப்பதிலும் கோளாறு வரும். மூச்சை முழு நிமிடம் எண்ணாமல் பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சு தப்பினால் நான்கு தப்பும். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால், கை நடுங்கினால், கருவி காட்டும் எண் நிலைக்கவே நிலைக்காது. வேறு விரலில் மாட்டி, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அரசுப் பக்கம் பார்த்தால், ஆயிரம் பேரையும் படுக்க வைக்க முடியாத இடத்தில் யாரைப் படுக்க வைப்பது என்று சொல்லித்தரும் கருவி இது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் வார்டு நெருக்கடி தெரிந்த யாருக்கும் இதன் மதிப்பு புரியும். மற்றவர்கள் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாம். சத்துணவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் (2024 அக்டோபர்வரை ஐந்நூறு) வங்கிக் கணக்குக்கு வரும், கணக்கு ஆதாரோடு இணைந்திருந்தால். இணைக்காத கணக்கில் பணம் முட்டி நிற்பது நடைமுறையில் அடிக்கடி பார்க்கும் கோளாறு.

தனியாரிடம் கேட்க வேண்டியவை

முதலில் தனியார் கிளினிக்குக்குத்தான் போவோம் என்பவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் நல்லது. டி.பி.யைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் டெஸ்ட்டை 2012-ல் இந்திய அரசே தடை செய்துவிட்டது. தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூவும், இக்ரா என்ற விலை கூடிய ரத்தச் சோதனையும் கிருமி எப்போதாவது உடம்பில் நுழைந்ததா என்பதைத்தான் சொல்லும். இப்போது நோய் இருக்கிறதா என்று சொல்லாது. நம் ஊரில் பெரியவர்கள் பலருக்கு அவை 'பாசிட்டிவ்' என்றுதான் வரும். இருமலுக்கு லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கைச் சளிச் சோதனைக்கு முன்பே கொடுத்தால் டி.பி. கொஞ்ச நாள் பதுங்கி, சோதனையையும் குழப்பிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ மாலைக் காய்ச்சலோ, காரணமில்லாத எடைக் குறைவோ, சளியில் ரத்தமோ இருந்தால் மருந்துக்கு முன் சளி. தனியார் மருத்துவர் சீட்டோடும் அரசு மையத்தில் இலவசமாகச் சோதிக்கலாம். டி.பி. நோயாளியை அரசுக்குத் தெரிவிப்பது 2012 மே முதல் தனியாருக்கும் கட்டாயம்.

வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் கூட இருப்பவர்கள் எல்லோரும் சோதனைக்கு வர வேண்டும். நோய் இல்லை என்று உறுதியானபின் தடுப்பு மாத்திரை. முன்பு ஆறு மாதம் தினமும், இப்போது வாரம் ஒருமுறை வீதம் பன்னிரண்டே தவணையில் முடியும் முறையும் இருக்கிறது. அந்த மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டியதில்லை.

சிகிச்சை முடிந்தவர் தன் எக்ஸ்ரே படத்தையோ குறுந்தட்டையோ, மாத்திரை தொடங்கி முடித்த தேதி எழுதிய அட்டையையோ பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடக் கூடாது. இரண்டு ஆண்டுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகும்போதும், பத்து ஆண்டு கழித்து ஏதோ முகாமில் கணினி அவர் நெஞ்சில் நிழல் இருக்கிறது என்று சொல்லும்போதும், அது பழைய வடுவா புது நோயா என்று மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் படம்தான் வேண்டும்.